முட்டை வேகாத பேட்டரியும் முதலீட்டாளரின் பணமும்

2020 மார்ச் கடைசியில் சீனாவின் பிஒய்டி நிறுவனம் ஒரு வீடியோவை வெளியிட்டது. மூன்று பேட்டரிகள், ஒவ்வொன்றின் மேலும் முட்டை. பிறகு மூன்றையும் ஆணியால் குத்தித் துளைக்கிறார்கள். முதல் பேட்டரி நிக்கல் சேர்ந்த என்எம்சி வகை. குத்திய உடனே தீப்பிடித்து மேற்பரப்பு 500 டிகிரியைத் தாண்டியது, முட்டை தூக்கி எறியப்பட்டது. இரண்டாவது வழக்கமான எல்எஃப்பி, அதாவது இரும்பும் பாஸ்பேட்டும் சேர்ந்த வகை; தீ இல்லை, புகை வந்தது, முட்டை கருகியது. மூன்றாவது பிஒய்டியின் புதிய ‘பிளேடு’ பேட்டரி. அதிலும் எல்எஃப்பிதான், ஆனால் செல்லை, அதாவது பேட்டரிக்குள் இருக்கும் ஒற்றை அலகை, நீளமாக, தட்டையாகச் செய்திருந்தார்கள். சூடு 60 டிகிரிக்கு மேல் ஏறவில்லை. முட்டை வேகவே இல்லை.

வேதியியல் பாடத்தை முட்டையை வைத்து நடத்தியது நல்ல யோசனைதான். ஆனால் அந்த வீடியோவை முதலீட்டாளராகப் பார்த்தவர்களில் பலர் அதிலிருந்து தவறான பாடத்தை எடுத்துக்கொண்டார்கள். ‘எரியாத பேட்டரியை யார் கண்டுபிடிக்கிறார்களோ அவர்கள் பங்கை வாங்கினால் போதும்’ என்று. கடந்த 15 ஆண்டு வரலாறு அப்படிச் சொல்லவில்லை. பாதுகாப்பான பேட்டரியைச் செய்தவர்கள் திவாலானதும் அதில் உண்டு.

பேட்டரி ஏன் எரிகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். ஒரு லித்தியம் அயன் செல்லைப் பிரித்தால் உள்ளே மெல்லிய செப்புத் தகடு, அதன் மேல் கிராஃபைட் பூச்சு. மெல்லிய அலுமினியத் தகடு, அதன் மேல் இன்னொரு பூச்சு; என்எம்சி, எல்எஃப்பி என்பது இந்தப் பூச்சைத்தான். இரண்டும் தொட்டுக்கொள்ளாமல் இருக்க நடுவே ‘செப்பரேட்டர்’ என்ற பிளாஸ்டிக் படலம். அது தலைமுடியை விட மெல்லியது. எல்லாம் எலெக்ட்ரோலைட் என்ற திரவத்தில் ஊறியிருக்கும். அந்தத் திரவம் பெயின்ட் தின்னரைப் போல எரியக்கூடியது. எங்கோ ஒரு இடத்தில் இரண்டு பக்கமும் தொட்டுவிட்டால் ஷார்ட் சர்க்யூட், சூடு. 130 டிகிரி வாக்கில் செப்பரேட்டர் உருக ஆரம்பிக்கும், தொடும் பரப்பு பெரிதாகும், சூடு இன்னும் ஏறும். இன்னும் மேலே போனால் என்எம்சி பூச்சு தன்னிடம் இருக்கும் ஆக்சிஜனை வெளியே விடும். எரிபொருள், சூடு, ஆக்சிஜன் மூன்றும் ஒரே டப்பாவுக்குள் இருப்பதால் வெளிக்காற்றே தேவையில்லை. போர்வையைப் போட்டு மூடினாலும் அணையாததற்குக் காரணம் இதுதான். தெர்மல் ரன்அவே என்று சொல்வது இதைத்தான்.

எல்எஃப்பியில் ஆக்சிஜன் பாஸ்பரஸோடு இறுக்கமாகப் பிணைந்திருப்பதால் அவ்வளவு சுலபமாக வெளியே வராது. அதனால் அது சாது. ஆனால் சாதுவும் மிரளும்: உள்ளே இருக்கும் திரவம் அதேதான். சூடேறினால் ஹைட்ரஜன் உட்பட எரியக்கூடிய வாயுக்கள் வரும். அவை மூடிய அறையில் சேர்ந்தால் வெடிக்கவும் செய்யும்.

எங்கள் பகுதியில் ஸ்கூட்டர் பேட்டரிகளைப் பழுது பார்க்கும் தம்பி ஒருவர் இருக்கிறார். ஒருநாள் அவர் மேஜையில் ஒரு பழைய பேக் திறந்து கிடந்தது. பேனா டார்ச் செல்லை விடக் கொஞ்சம் தடித்த உருளைகள் வரிசை வரிசையாக. அவற்றை இணைக்கும் நிக்கல் பட்டைகள். ஓரத்தில் விரல் நீளத்தில் ஒரு சர்க்யூட் போர்டு. ஒரு மூலையில் பட்டை பச்சையும் பழுப்புமாக அரித்திருந்தது. “செல் நல்லாத்தான் இருக்குண்ணா. ரப்பர் கேஸ்கெட் சரியா உக்காரலை, தண்ணி உள்ள போயிருக்கு” என்றார். செல்லின் விலை எவ்வளவோ, கேஸ்கெட்டின் விலை சில ரூபாய். பேட்டரித் தீ பற்றிய விசாரணைகளைப் படித்தால் இதே மாதிரி சின்னச் சின்ன விஷயங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன.

2016இல் சாம்சங்கின் கேலக்ஸி நோட் 7 எரிந்ததற்கு என்ன காரணம்? ஒரு சப்ளையரின் செல்லில் உறை இறுக்கமாக இருந்ததால் மூலையில் மின்தகடு மடங்கியது. அதை மாற்றி இன்னொரு சப்ளையரிடம் வாங்கினார்கள். அவர் செல்லில் வெல்டிங் பிசிறு செப்பரேட்டரைக் குத்தியது. ஜெனரல் மோட்டார்ஸின் போல்ட் மின்கார்களில் ஆனோடு (கிராஃபைட் பக்க மின்தகடு) முனை கிழிந்திருந்தது, செப்பரேட்டர் மடிந்திருந்தது. இரண்டும் ஒரே செல்லில் சேர்ந்து வந்தால் தீ. அப்படிப்பட்ட செல்கள் அபூர்வம். ஆனால் எந்தக் காரில் இருக்கிறது என்று தெரியாததால் சுமார் 1.4 லட்சம் கார்களைத் திரும்ப அழைக்க வேண்டியிருந்தது. செலவு ஏறத்தாழ 200 கோடி டாலர். அதில் சுமார் 190 கோடி டாலரை செல் செய்த எல்ஜி தரப்பு ஏற்றுக்கொண்டது.

இந்தக் கடைசி வரியைத்தான் முதலீட்டாளர் அடிக்கோடிட வேண்டும். ‘எரியுமா?’ என்று கேட்பதோடு நிற்கக் கூடாது. எரிந்தால் பில் யாருக்குப் போகும், அதைத் தாங்கும் உடம்பு அந்த நிறுவனத்துக்கு இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். எல்ஜி தாங்கியது. ஏ123 தாங்கவில்லை.

ஏ123 சிஸ்டம்ஸ் கதை இன்று பலருக்கு மறந்துபோயிருக்கும். அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வகத்திலிருந்து 2001இல் பிறந்த நிறுவனம். அவர்கள் செய்தது நானோ அளவில் பொடித்த எல்எஃப்பி. அன்றைக்கு அதைவிடப் பாதுகாப்பான லித்தியம் பேட்டரியைக் காட்டுவது கஷ்டம். அமெரிக்க அரசு 24.9 கோடி டாலர் மானியம் அறிவித்தது. 2009 செப்டம்பரில் பங்கு 13.50 டாலருக்கு ஐபிஓ, அதாவது முதல் பங்கு வெளியீடு. முதல் நாளே விலை 50 சதவீதம் ஏறியது. அப்புறம் 2012 மார்ச்சில் ஒரு அறிவிப்பு: மிச்சிகன் ஆலையில் ஒரு வெல்டிங் இயந்திரத்தின் அளவு சரியாக அமைக்கப்படவில்லை, சில செல்கள் கோணலாக அமைந்துவிட்டன, மாற்றிக் கொடுக்க 5.5 கோடி டாலர் ஆகும். வாங்க வேண்டிய கார் நிறுவனங்களும் எதிர்பார்த்த அளவு வாங்கவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் திவால். சீனாவின் வான்சியாங் அதை ஏலத்தில் எடுத்தது.

அந்த நிறுவனம் நம்பிய வேதியியல் தவறா? துளியும் இல்லை. இன்று உலகில் விற்கும் மின்வாகன பேட்டரிகளில் கிட்டத்தட்ட பாதி எல்எஃப்பிதான். குதிரையைச் சரியாகத்தான் தேர்ந்தெடுத்தார்கள். பந்தயம் நடந்தது பத்து ஆண்டு கழித்து, வேறொரு மைதானத்தில்.

இப்போது அந்த இடத்தில் உட்கார்ந்திருப்பது திடநிலை பேட்டரி. எரியும் திரவத்தை எடுத்துவிட்டு, பீங்கான் போன்ற திடப்பொருளை வைப்பது. கிராஃபைட்டுக்குப் பதிலாக லித்தியம் உலோகத்தையே வைப்பது. எடை குறையும், ஓடும் தூரம் கூடும், எரியாது என்பது வாக்குறுதி. இதில் ‘எரியாது’ என்பதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

லித்தியம் உலோகம் புதிதல்ல. கனடாவின் மோலி எனர்ஜி 1980களின் கடைசியில் அதை ரீசார்ஜ் பேட்டரியாக விற்றது. 1989இல் ஜப்பானில் செல்போன்களில் தீப்பிடித்து, மொத்தமாகத் திரும்பப் பெற்று, நிறுவனம் கைமாறியது. சார்ஜ் செய்யும்போது லித்தியம் சமமாகப் படியாமல் முள் முள்ளாக வளர்ந்து செப்பரேட்டரைத் துளைப்பதுதான் அடிப்படைச் சிக்கல். அதைப் பார்த்து மிரண்டுதான் உலகம் கிராஃபைட் பக்கம் திரும்பியது. சோனி 1991இல் விற்ற முதல் லித்தியம் அயன் செல்லில் லித்தியம் உலோகம் இல்லை. திடமான சுவர் வைத்தால் முள் குத்தாது என்று நினைத்தார்கள். பீங்கானில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு வழியாகவும் அது புகுந்துவிடுகிறது.

இன்னொரு உதாரணம் பாரிஸ். பொல்லொரே குழுமத்தின் புளூபஸ் மின்பேருந்துகளில் இருந்தது திடமான பாலிமர் எலெக்ட்ரோலைட்டும் லித்தியம் உலோகமும். அதாவது ஒருவகைத் திடநிலை பேட்டரி, சாலையில் ஓடிக்கொண்டிருந்தது. 2022 ஏப்ரலில் ஒரே மாதத்தில் இரண்டு பேருந்துகள் எரிந்தன. பாரிஸ் போக்குவரத்துக் கழகம் 149 பேருந்துகளை நிறுத்திவைத்தது. அதே ஆண்டு அமெரிக்காவின் சாண்டியா தேசிய ஆய்வகத்தினர் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். வெளியிலிருந்து சூடேற்றினால் திடநிலை செல் சாதாரண செல்லை விடக் குறைவான வெப்பத்தையே வெளியிடும். ஆனால் உள்ளே ஷார்ட் ஆனால், குறைந்த இடத்தில் அதிக ஆற்றலை அடைத்திருப்பதால், சூடு பழைய செல்லுக்குச் சமமாகவோ மேலாகவோ போகலாம். லித்தியம் 180 டிகிரியில் உருகிவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டொயோட்டா போன்றோர் நம்பும் சல்ஃபைடு வகைக்கு வேறொரு தொல்லை. ஈரக்காற்று பட்டால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வரும். அழுகிய முட்டை நாற்றம், விஷம்.

இதனால் திடநிலை பேட்டரி உருப்படாது என்று சொல்லவில்லை. பாதுகாப்பு என்பது அந்தப் பெயரோடு இலவசமாக வராது, அவ்வளவுதான். பங்குச் சந்தை அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. ஃபோக்ஸ்வேகன் முதலீடு செய்திருக்கும் குவான்டம்ஸ்கேப் 2020 நவம்பரில் சந்தைக்கு வந்தது. விற்பனை பூஜ்யம். டிசம்பரில் பங்கு 130 டாலரைத் தாண்டி, கொஞ்ச நேரம் ஃபோர்டு நிறுவனத்தை விட மதிப்புள்ளதாக இருந்தது. 2025 ஏப்ரலில் 4 டாலருக்குப் பக்கத்தில் கிடந்தது. அதே ஆண்டு மறுபடி 10ஐத் தாண்டியது. இத்தனைக்கும் இடையில் நிறுவனம் சும்மா இருக்கவில்லை. 2022 டிசம்பரில் ஏ மாதிரிகள், 2024இல் பி மாதிரிகள், 2025 செப்டம்பரில் மியூனிக் கண்காட்சியில் அதன் செல்கள் பொருத்திய ஒரு டுகாட்டி பைக். பொறியியல் முன்னேறிக்கொண்டே இருந்தது, பங்கு பெரும்பாலும் விழுந்துகொண்டே இருந்தது. 130 டாலர் கொடுத்தவர் பத்து ஆண்டு முன்னேற்றத்தையும் முன்கூட்டியே விலை கொடுத்து வாங்கிவிட்டார்.

கார் தொழிலில் ஏ, பி, சி மாதிரிகள் என்பது வெறும் சம்பிரதாயம் இல்லை. ஏ மாதிரி, செல் வேலை செய்கிறது என்று காட்ட. பி மாதிரி, காரில் பொருத்தத்தக்க வடிவில் செய்ய முடியும் என்று காட்ட. சி மாதிரி, நிஜ உற்பத்தி வரிசையில் அதே தரத்தில் வருகிறது என்று காட்ட. ஒவ்வொன்றுக்கும் நடுவே ஆண்டுகள் போகலாம். காரைக்குடியின் சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) மாதிரி ஆய்வகங்களில் செய்யும் காசு அளவு செல்லுக்கும் சி மாதிரிக்கும் உள்ள தூரம்தான் முதலீட்டாளரின் பணம் கரையும் தூரம். திடநிலை பேட்டரி கார் எப்போது என்றதற்கு டொயோட்டாவே 2017இல் ‘2020களின் தொடக்கத்தில்’ என்றது. பிறகு 2027-28 என்றது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அப்படி.

சோடியம் அயன் பேட்டரிக்கு வருவோம். இதில் பாதுகாப்புக் கதை நிஜமாகவே கொஞ்சம் நன்றாக இருக்கிறது. பூஜ்ய வோல்ட் வரை இறக்கி, ஆற்றலே இல்லாத நிலையில் லாரியிலோ கப்பலிலோ அனுப்பலாம். செப்புத் தகடு வேண்டாம், இரண்டு பக்கமும் அலுமினியமே போதும். குளிரில் நன்றாக வேலை செய்யும். எலெக்ட்ரோலைட் பெரும்பாலும் அதே எரியும் வகைத் திரவம்தான் என்பதையும் மறக்க வேண்டாம். இருந்தாலும் இதன் தலையெழுத்தைத் தீர்மானித்தது வேதியியல் இல்லை, லித்தியம் விலை.

2022 நவம்பரில் சீனாவில் ஒரு டன் லித்தியம் கார்பனேட் 6 லட்சம் யுவானை நெருங்கியது. அந்த விலையில் சோடியம் தங்கமாகத் தெரிந்தது. எங்கும் அறிவிப்புகள், புதுக் கம்பெனிகள். ரிலையன்ஸ் பிரிட்டனின் ஃபாரடியனை 10 கோடி பவுண்டுக்கு வாங்குவதாக அறிவித்ததும் விலை ஏறிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில்தான். 2025 நடுவில் அதே டன் சுமார் 60,000 யுவான். பத்தில் ஒரு பங்கு! லித்தியம் மலிவானதும் எடை கூடுதலான சோடியத்தை வாங்க ஆளில்லை. அமெரிக்காவின் நேட்ரான் எனர்ஜி 2024 ஆகஸ்டில் வட கரோலினாவில் 140 கோடி டாலர் ஆலை என்று அறிவித்தது; 2025 செப்டம்பரில் கடையை மூடியது. அவர்கள் செல் எரிந்ததாலா? இல்லை, அது எளிதில் எரியாது என்பதே அவர்களது விளம்பரம்.

அதே 2025இல் சீனாவின் பெரிய பேட்டரி நிறுவனமான சிஏடிஎல் தன் சோடியம் பேட்டரியை நக்ஸ்ட்ரா என்ற பெயரில் அறிமுகம் செய்தது. கிலோவுக்கு 175 வாட் மணி. நல்ல எல்எஃப்பி செல்லுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. சிஏடிஎல் சோடியத்தில் தோற்றாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. லித்தியத்தில் சம்பாதித்துக்கொண்டே சோடியத்தைச் சோதித்துப் பார்க்கலாம், லித்தியம் விலை மறுபடி ஏறினால் உற்பத்தி வரிசையை மாற்றிக்கொள்ளலாம். ஒற்றைக் காலில் நிற்பவர்களுக்கு அந்த வசதி இல்லை. என் கணக்கில் சோடியம் ஜெயித்தாலும் அதன் லாபம் பெரும்பாலும் பழைய லித்தியம் நிறுவனங்களுக்கே போகும்.

புது பேட்டரி கம்பெனிகளின் உண்மையான போட்டியாளர் இன்னொரு புது பேட்டரி கம்பெனி அல்ல, வருடா வருடம் மலிவாகும் பழைய பேட்டரி. எரிசக்தி ஆய்வு நிறுவனமான புளூம்பெர்க் என்இஎஃப் கணக்குப்படி ஒரு கிலோவாட் மணி பேக்கின் சராசரி விலை 2010இல் 1,000 டாலருக்கு மேல். 2024இல் 115 டாலர். ‘2030இல் 80 டாலருக்குத் தருவோம்’ என்று ஒரு நிறுவனம் இன்று சொன்னால், எல்எஃப்பி அன்றைக்கு எவ்வளவில் இருக்கும் என்பதுதான் கேள்வி. அமெரிக்காவின் ஆம்ப்ரி செய்த திரவ உலோக பேட்டரியைப் பாருங்கள். பில் கேட்ஸ் பணம் போட்டார், 2021இல் ரிலையன்ஸும் போட்டது. பாதுகாப்பில் பெரிதாகக் குறை சொல்ல முடியாத தொழில்நுட்பம். 2024 மேயில் திவால் மனு.

தொழில்நுட்பம் பழசாகவே இருந்தாலும் உற்பத்தி வராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்வீடனின் நார்த்வோல்ட். டெஸ்லாவின் முன்னாள் அதிகாரி பீட்டர் கார்ல்சன் 2016இல் தொடங்கியது. திரட்டிய பணம் 1,500 கோடி டாலருக்கு மேல். ஃபோக்ஸ்வேகனும் கோல்ட்மேன் சாக்ஸும் பெரிய பங்குதாரர்கள். ஆண்டுக்கு 16 கிகாவாட் மணி அளவு பேட்டரி செய்ய வேண்டிய ஆலை 2023இல் அதில் ஒரு சதவீதம்கூடச் செய்யவில்லை. 2024இல் பிஎம்டபிள்யூ 200 கோடி யூரோ ஆர்டரை ரத்து செய்தது. நவம்பரில் அமெரிக்காவில் திவால் பாதுகாப்பு கேட்டபோது கையில் இருந்தது சுமார் 3 கோடி டாலர், கடன் 580 கோடி. 2025 மார்ச்சில் ஸ்வீடனிலும் திவால். நூறு செல் செய்தால் எத்தனை தேறுகிறது என்ற ஒரே எண்ணை ஒழுங்காகக் கேட்டிருந்தால் பலர் தப்பியிருப்பார்கள்.

நம் பக்கம் பாதுகாப்பு விஷயம் 2022இல் கசப்பாக வீட்டுக்குள் வந்தது. மார்ச்சில் வேலூரில் இரவு சார்ஜில் போட்டிருந்த ஸ்கூட்டர் எரிந்து, தந்தையும் மகளும் புகையில் மூச்சுத் திணறி இறந்தார்கள். அடுத்தடுத்து வேறு ஊர்களிலும் தீ. அதன் பிறகு மின் ஸ்கூட்டர் போன்ற வண்டிகளின் பாதுகாப்புக்கான ஏஐஎஸ் 156 விதிகள் கடுமையாகி, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலும் இரண்டு கட்டமாக அமலுக்கு வந்தன. தண்ணீர் புகாத உறை, கண்காணிக்கும் சர்க்யூட், ஒரு செல் எரிந்தால் பக்கத்துக்குப் பரவுகிறதா என்ற சோதனை எல்லாம் அதில் வந்தன. சீனா இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறது. முன்பு, தீ வருவதற்கு ஐந்து நிமிடம் முன் எச்சரித்தால் போதும். 2026 ஜூலை முதல் அமலாகும் விதியில், செல் கெட்டாலும் பேக்கில் தீயும் வெடிப்பும் வரக்கூடாது. இது ஓரத்தில் ஓடிக்கொண்டிருந்த சின்னத் தயாரிப்பாளர்களை வெளியே தள்ளும், பெரியவர்களுக்குச் சாதகம்.

இந்திய முதலீட்டாளருக்கு இன்னொரு கோணம் உண்டு. 2021இல் அரசு 18,100 கோடி ரூபாய்க்கு செல் உற்பத்தி ஊக்கத் திட்டம் அறிவித்தது, இலக்கு 50 கிகாவாட் மணி. கிருஷ்ணகிரியில் ஓலா ஆலை அதில் ஒன்று. மொத்தத் திட்டமும் குறித்த காலக்கெடுவை விடப் பின்தங்கியே நகர்கிறது. நமக்குப் பழக்கமான பழைய ஈய பேட்டரி நிறுவனங்கள் வேறு வழியில் போயின: எக்ஸைடு சீனாவின் எஸ்வோல்ட்டிடம், அமர ராஜா சீனாவின் கோஷனோடு சேர்ந்த கூட்டு நிறுவனத்திடம் தொழில்நுட்ப உரிமம் வாங்கின. செல் எப்படிச் செய்வது என்ற அபாயம் இதில் குறைகிறது. பதிலுக்கு வேறொன்று வருகிறது: 2025 ஜூலையில் எல்எஃப்பி கேத்தோடு (அலுமினியத் தகட்டின் மேல் வரும் பூச்சு) தயாரிக்கும் தொழில்நுட்பத்தை சீனா ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. ஆக, இந்தப் பங்குகளை வைத்திருப்பவர் ஆய்வகச் செய்தியை விட பெய்ஜிங் வர்த்தக அமைச்சகத்தின் அறிவிப்பைத்தான் கவனமாகப் படிக்க வேண்டியிருக்கிறது.

ஆண்டறிக்கை கையில் கிடைத்தால் நான் முதலில் போவது வாரன்டி ஒதுக்கீடு, அதாவது பழுதானால் மாற்றிக் கொடுக்க எடுத்துவைக்கும் பணம், என்ற குறிப்புக்கு. விற்பனையில் எத்தனை சதவீதம் ஒதுக்கியிருக்கிறார்கள், போன வருடத்தை விடக் கூடியதா குறைந்ததா, திரும்ப அழைத்தால் செல் சப்ளையர் பங்கு தருவாரா. அங்கே நாலு வரி கூட இல்லாமல் முதல் பக்கத்தில் ஆணி குத்தும் படம் மட்டும் இருந்தால் எனக்குச் சந்தேகம் வரும்.

ஏ123இன் நானோபாஸ்பேட் பிறகு எங்கே போனது என்று கேட்டால், வான்சியாங் 2018இல் அந்தப் பிரிவை லித்தியம் வெர்க்ஸ் என்ற நிறுவனத்துக்கு விற்றது. 2022 மார்ச்சில் லித்தியம் வெர்க்ஸின் சொத்துகளை, காப்புரிமைகளும் சீனாவில் உள்ள ஆலையும் உட்பட, ரிலையன்ஸ் வாங்கியது. அறிவித்த தொகை 6.1 கோடி டாலர். 2009இல் ஐபிஓவில் மட்டும் ஏ123 திரட்டியது சுமார் 38 கோடி.